மோரிஸ் மைனரில் இருப்பது அதன் சொந்த எஞ்சின்தானா? கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

“எஞ்சின் ஒரிஜினல் சார், யாரும் கை வைக்கல.” பழைய கார் விற்கிறவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வராமல் பேரம் முடிவதே இல்லை. சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் அப்பா காலத்திலோ, அதற்கும் முன்னால் வண்டியை வைத்திருந்தவர் காலத்திலோ எஞ்சின் மாறியிருந்தால் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் அவர் பேச்சை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து நாமே பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது மோரிஸ் மைனர். காரணம் இருக்கிறது. 1952 முதல் மைனரில் வந்தது ‘ஏ சீரிஸ்’ குடும்பத்து எஞ்சின். இதே குடும்பத்து எஞ்சின்களை பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனி ஆஸ்டின் ஏ35, ஸ்பிரைட், மினி என்று பல கார்களில் போட்டது; அதன் வாரிசான பிரிட்டிஷ் லேலண்ட் பிறகு மோரிஸ் மரினாவிலும் போட்டது. மினியில் குறுக்குவாட்டில் பூட்டியதைத் தவிர்த்தால், மற்றவற்றில் பெரும்பாலானவை கொஞ்சம் வேலை பார்த்தாலே மைனருக்குள் உட்கார்ந்துவிடும். மாற்றுவது இவ்வளவு சுலபம் என்பதால்தான் மாற்றப்பட்டவை இவ்வளவு அதிகம். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை வேறு.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை: நல்ல டார்ச், பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், துணி, மெல்லிய வெள்ளைத் தாள், செலோடேப், மிருதுவான பென்சில், ஒரு சின்னக் கண்ணாடி, கேமரா உள்ள போன். வெர்னியர் காலிபர் இருந்தால் நல்லது. அது எப்போது உதவும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மைனரில் வந்த நான்கு எஞ்சின்கள்

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது அதில் இருந்தது பழைய மோரிஸ் எய்ட்டிலிருந்து எடுத்த 918 சி.சி. சைடு வால்வு எஞ்சின். இந்த முதல் வகைக்கு ‘சீரிஸ் எம்எம்’ என்று பெயர். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் விற்றது இதைத்தான்.

1952-இல் ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து பி.எம்.சி. ஆனதும், ஆஸ்டின் ஏ30-இன் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் வந்தது. அது ‘சீரிஸ் 2’. 1956 அக்டோபரில் ‘மைனர் 1000’ வந்தது; இரண்டாகப் பிரிந்திருந்த முன் கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியானது, எஞ்சின் 948 சி.சி. ஆனது. 1962-இல் 1098 சி.சி. வந்தது. 1971-இல் உற்பத்தி ஓயும்வரை கார்களில் அதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் கார் பக்கம் போகும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும். முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் உள்ளே 918 அல்லது 803 இருக்க வேண்டும். வளைந்த ஒற்றைக் கண்ணாடி என்றால் 948 அல்லது 1098. பக்கவாட்டில் கை நீட்டும் சிக்னல் இருந்த இடம் தெரிகிறதா என்று பாருங்கள். 1961-இல் அது போய் மினுக்கும் விளக்கு வந்தது. கை சிக்னலோடு 1098 எஞ்சினும் இருந்தால் ஏதோ ஒன்று பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது.

918-ஐ மற்ற மூன்றோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. அதற்குத் தலைமேல் ராக்கர் கவர் (வால்வு பாகங்களை மூடும் மேல்மூடி) கிடையாது. தட்டையான ஹெட் (சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதி), அதன் மேலே நேராகச் செருகிய ஸ்பார்க் பிளக்குகள், அவ்வளவுதான். எம்எம் கார் என்று சொல்லிவிட்டு, திறந்தால் ராக்கர் கவர் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

எஞ்சினைப் பார்க்கும் முன் கார் எண்ணைப் படியுங்கள்

எல்லோரும் நேராக எஞ்சின் எண்ணைத் தேடுவார்கள். எனக்கு அது தலைகீழ் வேலையாகத் தெரிகிறது. அந்தக் காருக்கு எந்த எஞ்சின் வந்திருக்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது கார் எண் தகடு (பதிவு எண் அல்ல, தொழிற்சாலை கொடுத்த எண்). பானெட்டுக்கு அடியில், எஞ்சின் அறையின் பின்சுவரில் பூட்டியிருக்கும்.

1958 வாக்கில் தொடங்கிய எண்முறையில் எம்ஏ2எஸ்5 என்பது போல எண் ஆரம்பிக்கும். எம் என்றால் மோரிஸ். ஏ என்பது எஞ்சின் எந்த அளவுப் பிரிவைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் எழுத்து. ஏ சீரிஸ் எல்லாமே அதில் அடங்கும். 2எஸ் என்றால் இரண்டு கதவு சலூன். வெறும் எஸ் என்றால் நான்கு கதவு, டி (டூரர்) என்றால் கூரை மடக்குவது, டபிள்யூ என்றால் மரச்சட்டம் போட்ட டிராவலர். கடைசியில் வரும் இலக்கம்தான் நமக்கு முக்கியம்: 3 என்றால் 948 சி.சி. காலத்துக் கார், 5 என்றால் 1098 சி.சி. காலத்துக் கார். இதற்கு முந்தைய கார்களில் எண் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். அது மைனருக்கான பழைய குறியீடு, அடுத்த எழுத்துகள் பாடி வகையையும் நிறத்தையும் குறிக்கும்.

ஆக, தகட்டில் எம்ஏ2எஸ்3 என்று இருக்கிற கார் தொழிற்சாலையை விட்டு 1098 எஞ்சினோடு வெளியே வரவில்லை. எஞ்சினைத் தொடாமலே இது தெரிந்துவிடுகிறது. தகடு புதிதாகப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். மைனர் தகடுகளின் நகல் விலைக்குக் கிடைக்கிறது. காலியாக வாங்கி எண்ணை அடித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் எண்: எங்கே, எப்படி எடுப்பது

ஏ சீரிஸ் எஞ்சினில் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் இடது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் வலது பக்கம். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் இடது வலதைச் சொல்கிறேன். பிளாக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) வலது பக்கத்தில், டைனமோ பூட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே எண் இருக்கும். அநேகமாக ஒரு சின்ன உலோகத் தகட்டில் அடித்து, அந்தத் தகட்டை பிளாக்கோடு ரிவெட் செய்திருப்பார்கள். சிலவற்றில் பிளாக்கிலேயே அடித்திருக்கும்.

அறுபது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு அங்கே படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, டூத் பிரஷால் தேய்த்தால் போதும். வயர் பிரஷ், எமரி பேப்பர், கிரைண்டர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மெக்கானிக் ஆர்வத்தில் எமரி எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். எண்ணைச் சுற்றி இருக்கும் பெயின்ட், ரிவெட் தலையைச் சுற்றிய அழுக்கு வளையம், இவையெல்லாம் சாட்சிகள். ஒரு தடவை தேய்த்தால் போயே போச்சு.

சுத்தம் செய்ததும் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து போட்டோ எடுங்கள். நிழல் விழும்போதுதான் எழுத்தின் ஆழம் தெரியும். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் சேசிஸ் நம்பருக்கு எடுப்பார்களே, அதே பென்சில் பிரிண்ட். தாளை எண்ணின் மேல் செலோடேப்பால் அசையாமல் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் எண் அப்படியே தாளில் வந்துவிடும். போட்டோவில் 3-ஆ 8-ஆ என்று தடுமாற வைக்கும் இலக்கம் பென்சில் பிரிண்டில் தெளிவாகிவிடும். டைனமோ மறைத்தால் அதன் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்திக்கொள்ளலாம், கழற்ற வேண்டியதில்லை.

எழுத்துகளைப் படிக்கும் வழி

சீரிஸ் 2 எஞ்சினில் எண் ஏபிஹெச்எம் என்று தொடங்கும். 948-இன் ஆரம்ப காலத்தில் ஏபிஜேஎம். பிறகு பி.எம்.சி. புதிய முறைக்கு மாறியது. இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பி.எம்.சி.யின் எந்த எஞ்சினையும் ஓரளவு அடையாளம் சொல்லிவிடலாம்.

உதாரணத்துக்கு 10எம்ஏ/யூ/ஹெச் என்று தொடங்கி, பின்னால் வரிசை எண் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரும் 10 என்பது சி.சி.யைச் சுருக்கிச் சொல்வது: 9 என்றால் 948 அல்லது 998, 10 என்றால் 1098, 12 என்றால் 1275. அடுத்த எழுத்து எந்தக் காருக்கானது என்பது: எம் மோரிஸ், ஏ ஆஸ்டின், ஜி எம்ஜி, சி ஆஸ்டின் ஹீலி, டபிள்யூ வூல்ஸ்லி. யூ என்பது நடுவில் கியர் கம்பி உள்ள வண்டி என்பதற்கான குறி. கடைசி எழுத்து ஹெச் என்றால் அதிக கம்ப்ரஷன், எல் என்றால் குறைந்த கம்ப்ரஷன். 1098-இல் முன்னது 8.5, பின்னது 7.5. பெட்ரோல் தரம் குறைவாக இருந்த நாடுகளுக்காகத்தான் எல் வகை. நம் பக்கத்துக் காரில் எல் இருந்தால் “மட்டமான எஞ்சின்” என்று முகம் சுளிக்காதீர்கள்.

மைனருக்குச் சரியானவை 9எம், 10எம்ஏ. எண் 9சி என்றோ 10சிசி என்றோ தொடங்கினால் அது ஸ்பிரைட் எஞ்சின். 9ஏ என்றால் ஆஸ்டின் ஏ35. 12 என்று தொடங்கும் எஞ்சின் எண் எதுவும் மைனரோடு பிறந்ததில்லை.

இன்னொன்று. அமெரிக்கக் கார்களைப் பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே குழம்புவதுண்டு. செவ்ரலே 1968 முதல் கார் எண்ணின் ஒரு பகுதியை எஞ்சின் பிளாக்கிலும் அடித்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது. மைனரில் அப்படிக் கிடையாது. எஞ்சின் எண் தனி வரிசை, கார் எண் தனி வரிசை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவே கூடாது. எந்தக் காரில் எந்த எஞ்சின் போனது என்பது தொழிற்சாலைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தகடு சரி, பிளாக் சரியா?

ஏ சீரிஸின் பெரிய பலவீனம் இதுதான். எண் தகட்டில் இருப்பதால், தகட்டைக் கழற்றி வேறு பிளாக்கில் அடித்துவிட முடியும். ஏமாற்றும் நோக்கமே இல்லாமல்கூடச் செய்திருப்பார்கள்: எஞ்சின் மாற்றினார்கள், ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகட்டும் என்று பழைய தகட்டை எடுத்துப் புது பிளாக்கில் பூட்டினார்கள். எஃப்.சி. சமயத்தில் தலைவலி வேண்டாம், அவ்வளவுதான்.

ரிவெட்டை உற்றுப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்டது சுத்தியலால் அடித்து இறக்கிய ரிவெட்; தலை முழுதாக, மேடாக இருக்கும். நடுவில் ஓட்டை உள்ள பாப் ரிவெட்டோ, ஸ்க்ரூவோ இருந்தால் தகடு ஒரு முறையாவது கழன்றிருக்கிறது. தகட்டின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய வளைவு இருக்கிறதா? ரிவெட் தலைமேல் எஞ்சினின் பச்சை நிற பெயின்ட் இருந்து தகட்டில் இல்லாமல் இருக்கிறதா? தகட்டுக்குப் பக்கத்தில் பழைய துளை ஏதாவது தெரிகிறதா? ஒன்று மட்டும் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்தால் பிளாக்கையே விசாரிக்க வேண்டும்.

பிளாக்கை விசாரிக்கச் சுலபமான இடம் இடது பக்கம். மேனிஃபோல்டுக்குக் கீழே கண்ணாடியை விட்டுப் பாருங்கள். 803, 948, 1098 மூன்றிலும் அங்கே தகட்டால் செய்த இரண்டு சின்ன டேப்பெட் மூடிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு போல்ட். எண்ணெய் கசிவதே பெரும்பாலும் அந்த வழியாகத்தான் என்பதால் தேடுவது கஷ்டமில்லை. சாதாரண 1275 பிளாக்கில் அந்த மூடிகள் கிடையாது, சுவர் மொழுமொழுவென்று இருக்கும். தகடு 10எம்ஏ என்று சொல்லி, டேப்பெட் மூடி இல்லையென்றால் உள்ளே இருப்பது 1275.

ஹெட்டிலும் வார்ப்பு எண் உண்டு. 1098-இல் பரவலாகப் பார்ப்பது 12ஜி202. 12ஜி295 என்றால் எம்ஜி 1100 அல்லது மினி கூப்பர் ஹெட். 12ஜி940 என்றால் 1275-இன் ஹெட். ஆனால் ஹெட் மாறியிருப்பதை வைத்து எஞ்சினே மாறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விரிசல் விட்ட ஹெட்டைத் தூக்கிப்போட்டு வேறு போடுவது சாதாரண வேலை. பிளாக்தான் எஞ்சின்.

948-ஆ 1098-ஆ என்பதில் கடைசித் தீர்ப்பு அளவில்தான் இருக்கிறது. ஏதாவது வேலைக்கு ஹெட்டைக் கழற்றினால் அந்த வாய்ப்பை விடாதீர்கள். 948-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 62.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 76.2. 1098-இன் போர் 64.58, ஸ்ட்ரோக் 83.72. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு 948 பிளாக்கை 60 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு) ஓவர்சைஸ் வரை ரீபோர் செய்திருந்தால், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால், போர் 64.4 மில்லிமீட்டர் ஆகிவிடும். காலிபரை வைப்பவர் “1098 தான்” என்று சொல்லிவிடுவார். அதனால் போரை நம்ப வேண்டாம், ஸ்ட்ரோக்கை அளங்கள். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி பிளாக் மட்டத்திலிருந்து ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அடியில் நிறுத்தி மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். 76-க்கும் 84-க்கும் நடுவே யாரும் குழம்ப முடியாது. ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டு அளக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். ஏ சீரிஸில் பிளக் சாய்வாகப் பக்கத்திலிருந்து நுழைகிறது. கம்பியும் சாய்ந்துதான் இறங்கும், அளவு தப்பாக வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, அல்லது அங்கேயே ஓடிய கார்கள் தனிக் கதை. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல், மைனரும் ஆஸ்டின் ஏ40-யும் கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி, ஆயிலிலும் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். அப்படி உழைத்த பிளாக்கில் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை) போட்டிருப்பதில் ஆச்சரியமில்லை. ஸ்லீவ் போட்டதால் அது ஒரிஜினல் எஞ்சின் என்ற தகுதியை இழக்காது. சொல்லப்போனால், தூக்கிப்போடாமல் காப்பாற்றி வைத்ததற்கு அது அத்தாட்சி.

எஞ்சினைச் சுற்றி இருப்பவை

எஞ்சின் மாற்றுகிறவர்கள் பல நேரம் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றுவார்கள். காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். 948 காலத்து கியர்பாக்ஸின் உறை வழுவழுப்பாக இருக்கும். 1098-இனுடையதில் வரிவரியாக மேடுகள் இருக்கும். கிளட்ச் தட்டும் 6¼ அங்குலத்திலிருந்து 7¼ அங்குலமானது. முன் பிரேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனதும் 1098-ஓடுதான். பின் ஆக்ஸில் விகிதம் 948-க்கு 4.55, 1098-க்கு 4.22.

1098 எஞ்சின், வரிவரி கியர்பாக்ஸ், ஆனால் 7 அங்குல டிரம்மும் 4.55 ஆக்ஸிலும் என்றால் அது 948 காராகப் பிறந்து நடுவில் இதயம் மாற்றிக்கொண்ட வண்டி. இது மிகப் பரவலான சேர்க்கை. 803-இன் கியர்பாக்ஸும் கிராங்கும் பலவீனம் என்பதால் சீரிஸ் 2-இல் 948 போடுவதும் அந்தக் காலத்திலேயே வழக்கம்.

தங்க நிற எஞ்சின்

எஞ்சினின் மடிப்புகளில், டைனமோவுக்குப் பின்னால், பச்சைக்குப் பதில் தங்க நிற பெயின்ட் ஒட்டியிருந்தால் அது ‘கோல்டு சீல்’. பி.எம்.சி.யே பழைய எஞ்சின்களைத் திரும்ப வாங்கி, முழுதாகப் புதுப்பித்து, மாற்று எஞ்சினாக விற்றது. எண்ணும் புதிது. கார் பிறந்தபோது வந்த எஞ்சின் இது கிடையாது. ஆனாலும் கம்பெனி கொடுத்தது, அந்தக் காலத்தது, சரியான வகை. என்னைக் கேட்டால், பாப் ரிவெட் அடித்த தகட்டோடு வரும் “ஒரிஜினல்” எஞ்சினைவிட, பில்லோடு வரும் கோல்டு சீலுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

காகிதங்கள்

இப்போது கையில் மூன்று விஷயம் இருக்கும்: கார் எண், எஞ்சின் எண், பிளாக் என்ன சொல்கிறது என்பது. இவற்றை ஆர்.சி. புக்கோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் உடனே பதறாதீர்கள். கையெழுத்து ஆர்.சி.யிலிருந்து ஸ்மார்ட் கார்டுக்கு மாற்றும்போது 10எம்ஏ-வின் ஒன்று ஐ என்ற ஆங்கில எழுத்தாகவும், சுழியம் ஓ-வாகவும் மாறுவது உண்டு. பழைய ஆர்.சி. புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் எஞ்சின் எண்ணை அடித்துத் திருத்தி, தேதியும் முத்திரையும் போட்டிருந்தால் எஞ்சின் எந்த வருஷம் மாறியது என்பதே கிடைத்துவிடும். ஆர்.சி.யோடு பொருந்துவதால் மட்டும் எஞ்சின் தொழிற்சாலையில் பூட்டியது என்று ஆகாது. பதிவு செய்தபோது என்ன இருந்ததோ அதைத்தான் ஆர்.சி. சொல்லும்.

தொழிற்சாலை என்ன பூட்டியது என்பதற்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தைத் தான் நாட வேண்டும். கார் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பதிவேட்டில் இருக்கிறபடி தயாரான தேதி, எஞ்சின் எண், நிறம், எங்கே அனுப்பப்பட்டது போன்ற விவரங்களோடு ‘ஹெரிட்டேஜ் சான்றிதழ்’ தருவார்கள். ஒரு எச்சரிக்கை: பாகங்களாகப் பிரித்து அனுப்பி வெளிநாட்டில் பூட்டப்பட்ட கார்களுக்கு இந்த விவரம் முழுதாகக் கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கார் எண்ணைச் சொல்லி என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருந்தவில்லை என்றால்

எஞ்சினில் ஒரு எண், ஆர்.சி.யில் வேறு எண் என்றால், விற்பவர் அதைச் சரி செய்து தரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி இந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாக வேண்டும். எண்ணே அரைத்து எடுக்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு ‘விஏ’ என்று வரும் தனி எண் வரிசை, புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, செல்லுபடி 10 வருஷம். அன்றாட ஓட்டத்துக்கு ஆகாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும் ரோட்டில் இறக்கலாம். நிபந்தனை, வண்டி அதன் ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஜப்பான் டீசல் எஞ்சின் போட்ட மைனரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது கஷ்டம். சரியான வகை 10எம்ஏ எஞ்சின் தேடிப் பூட்டுவதானால், அதைப் பூட்டிய பில், பழைய எண், புதிய எண், ஆர்.சி. திருத்தம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பழைய தகட்டைப் புது பிளாக்கில் அடிக்கும் யோசனைக்கு மட்டும் போகாதீர்கள்.

கடைசியாக விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “கழற்றின எஞ்சின் எங்கே?” மைனர் எஞ்சின் கனமானது, பழைய இரும்புக்குப் போட்டாலும் பெரிய காசு வராது. அதனாலேயே மாட்டுக்கொட்டகையிலும் ஷெட்டிலும் சாக்குப் போட்டு மூடி அப்படியே கிடக்கும். சிலிண்டர் துருப்பிடித்து ஜாம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம். அதில் தகடு இருந்து, அந்த எண் பழைய ஆர்.சி.யோடு பொருந்தினால், காரின் விலையோடு அதையும் சேர்த்துப் பேசி அன்றைக்கே டெம்போவில் ஏற்றிவிடுங்கள்.